சிவந்திருந்தும் இளைய விண்மீன்: ஏயூ மைக்ரோஸ்கோப்பி பற்றிய ஒரு கேள்விக்கு விடை

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து நீங்கள் எழுதியிருந்த கேள்வியை இருமுறை படித்தேன். படிவம் ஐந்தில் பயிலும் உங்கள் மகள் ஏயூ மைக்ரோஸ்கோப்பி என்னும் விண்மீனைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருக்கிறார். அதில் அது ‘இளமையான, அருகிலுள்ள சுடர் விண்மீன்’ என்றும், நிறத்தில் சிவப்பு என்றும் இருந்திருக்கிறது. சிவப்பு விண்மீன் என்றால் வயது முதிர்ந்தது என்றல்லவா படித்தோம், இது எப்படி இளமையாகும் என்று அவர் கேட்க, உங்களால் விடை சொல்ல முடியவில்லை. கூடவே, அந்தச் சுடர்கள், அதாவது விண்மீனில் திடீரென எழும் ஒளிவெடிப்புகள், நம்மை எட்டுமா, மலேசியாவிலிருந்து அதைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை சொல்கிறேன். ஆனால் உங்கள் மகளின் கேள்வியில்தான் சாரம் இருக்கிறது. ஒரு விண்மீனின் வயதை நாம் எதைக் கொண்டு அறிகிறோம் என்பதையே அவர் கேட்கிறார். அது விளங்கிவிட்டால் சுடரும் தூசியும் கோள்களும் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். நான் பினாங்கில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒளி மாறும் விண்மீன்களை 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் அளந்து வருகிறேன். கீழே சொல்பவற்றுள் என் கண்ணால் கண்டவை சில, ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டவை பல. இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

விண்மீனின் நிறம் அதன் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பள்ளிப் பாடத்தில் வரும் சிவப்பு விண்மீன், எரிபொருள் தீர்ந்து ஊதிப் பெருத்த பெருமீன். நம் முன்னோர் ரோகிணி என்று அழைத்தது அந்த வகையைச் சேர்ந்தது; அதற்குப் பல நூறு கோடி ஆண்டு வயது. ஆனால் பிறப்பிலேயே பொருண்மை குறைந்ததால் சூடு குறைந்து, அதனால் சிவந்திருக்கும் விண்மீன்களும் உள்ளன. அவற்றைச் செங்குறுமீன்கள் என்கிறோம். நம் பால்வீதியில் எண்ணிக்கையில் மிகுந்தவை இவைதாம். ஏயூ மைக்ரோஸ்கோப்பி இந்த வகை. அதன் பொருண்மை சூரியனில் ஏறக்குறைய பாதி, மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,700 கெல்வின்; சூரியனுக்கு அது ஏறத்தாழ 5,770. இங்கே உங்கள் மகளுக்கு ஒன்றைக் காட்டுங்கள். மார்கழித் திருவாதிரை நாளில் நாம் நினைக்கும் ஆதிரை விண்மீனும் சிவப்புதான், அது தன் வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் இருப்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு வயது ஏறக்குறைய 1 கோடி ஆண்டு. ஏயூ மைக்ரோஸ்கோப்பிக்கோ சுமார் 2 கோடிக்கு மேல். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ‘குழந்தை’ என்று சொல்லப்படும் இந்த விண்மீன் ஆதிரைக்கு மூத்தது. பொருண்மை மிகுந்த ஆதிரை தன் எரிபொருளை வாரி இறைத்து விரைவில் முடிந்துவிடும்; சூரியனில் பாதிப் பொருண்மை கொண்டதோ சிக்கனமாக எரிந்து ஏறத்தாழ 10,000 கோடி ஆண்டு வாழும். அந்த வாழ்நாளை 80 வயது வாழும் மனிதருக்கு ஒப்பிட்டால், ஏயூ மைக்ரோஸ்கோப்பி பிறந்து இன்னும் ஒரு வாரம்கூடச் சரியாக நிறையவில்லை. நம் சூரியன் அந்த வயதில் இருந்தபோது பூமி முழுதாகத் திரண்டிருக்கவில்லை. பெரும்பாலான கணிப்புகளின்படி நிலவு அப்போது பிறந்திருக்கவேயில்லை.

அப்படியானால் அந்த 2 கோடிக்கு மேல் என்ற எண் எங்கிருந்து வந்தது? தனித்து நிற்கும் ஒரு விண்மீனின் வயதைக் கணிப்பது வானியலில் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவரின் வயதை அவருடன் பிறந்தவர்களைக் கொண்டு அறிவது போல, இங்கும் உடன்பிறப்புகளைத் தேடினார்கள். பீட்டா பிக்டோரிஸ் என்ற வெள்ளை விண்மீன் நம்மிலிருந்து சுமார் 63 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அது விண்வெளியில் எந்தத் திசையில், எந்த வேகத்தில் செல்கிறதோ, ஏறக்குறைய அதே திசையில் அதே வேகத்தில் ஏயூ மைக்ரோஸ்கோப்பியும், அதன் அண்டையிலுள்ள ஏட்டி மைக்ரோஸ்கோப்பி என்ற செங்குறுமீன் இணையும் செல்வது 1999-இல் கண்டறியப்பட்டது. பின்னர் மேலும் பல விண்மீன்கள் இந்தக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஒரே மேகத்திலிருந்து ஒரே காலத்தில் பிறந்து, இப்போது பிரிந்துகொண்டிருக்கும் குடும்பம் இது. குடும்பம் கிடைத்துவிட்டால் லித்தியத்தைக் கொண்டு வயதைக் கணக்கிடலாம். லித்தியம் சுமார் 25 இலட்சம் கெல்வின் வெப்பத்தில் அழிந்துவிடும் தனிமம். செங்குறுமீன்களின் உட்புறம் கொதிக்கும் பானை போல மேலும் கீழும் புரண்டுகொண்டே இருப்பதால், மேற்பரப்பில் இருந்த லித்தியமும் ஆழத்துக்கு இறங்கி அழிகிறது. எந்தப் பொருண்மை கொண்ட விண்மீன்களில் அது தீர்ந்துவிட்டது, எவற்றில் இன்னும் மிச்சமிருக்கிறது என்ற எல்லைக்கோட்டைக் குடும்பம் முழுவதிலும் நிறமாலை எடுத்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். இதைத் தவிர மற்றொரு சான்று விண்மீனின் உருவிலேயே இருக்கிறது. சூரியனில் பாதிப் பொருண்மை கொண்ட, வளர்ச்சி நிறைந்த ஒரு செங்குறுமீனின் விட்டமும் சூரியனில் ஏறக்குறைய பாதியாகவே இருக்கும். ஏயூ மைக்ரோஸ்கோப்பியின் விட்டமோ சூரியனில் முக்கால் பங்குக்குக் குறையாது. அது இன்னும் தன் எடையாலேயே சுருங்கிக்கொண்டிருக்கிறது, நிலைபெறவில்லை என்பதை இந்தப் பருத்த உருவம் சொல்கிறது.

விண்மீன் இளமையானது என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. எண்ணில் மட்டும் சற்று இழுபறி உண்டு. இந்தக் குடும்பத்தின் வயது 1.2 கோடி ஆண்டு என்று 2001 வாக்கில் எழுதினார்கள். பின்னர் வந்த கணிப்புகள் 1.8 கோடிக்கும் 2.4 கோடிக்கும் இடையில் நிற்கின்றன. ஆகவே எங்காவது ‘2 கோடியே 30 இலட்சம் ஆண்டு’ என்று துல்லியமாகப் போட்டிருந்தால், அதைக் கூடக்குறையப் பார்க்க வேண்டிய எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இளமைக்கும் சுடருக்கும் உள்ள உறவைச் சொல்லுமுன், பலர் தடுக்கி விழும் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். சுடர்விடுகிறது என்பதால் மட்டும் ஒரு விண்மீனை இளையது என்று சொல்லிவிட முடியாது. நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் உள்ள புராக்ஸிமா சென்டாரி சூரியனைப் போன்றே முதிர்ந்தது. ஆனாலும் அது அடிக்கடி சுடர்விடுகிறது. டிராகோ மண்டலத்தில் உள்ள சிஎம் டிராகோனிஸ் என்பது முதிய செங்குறுமீன்கள் இரண்டு நெருங்கிச் சுற்றும் இணை. ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றை வேகமாகச் சுழல வைத்துக்கொண்டே இருப்பதால் அந்த முதுமையிலும் சுடர் அடங்கவில்லை. சுடருக்கு நேரடிக் காரணம் சுழற்சி. இளமை அந்தச் சுழற்சியைத் தருகிறது. விண்மீன்கள் பிறக்கும்போது வேகமாகச் சுழல்கின்றன. பிறகு விண்மீன் காற்று, அதாவது விண்மீனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள் ஓட்டம், காந்தப்புலத்தோடு பிணைந்து வெளியேறும்போதெல்லாம் சுழற்சியில் சிறிது எடுத்துச் சென்றுவிடுவதால், காலப்போக்கில் வேகம் தணிகிறது. சூரியன் ஒருமுறை சுழல ஏறக்குறைய 25 நாள் எடுக்கிறது. ஏயூ மைக்ரோஸ்கோப்பிக்கு 4.86 நாள் போதும். வேகமான சுழற்சியும் உட்புறப் புரளலும் சேர்ந்து ஒரு டைனமோவைப் போல வேலை செய்து காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. சூரியனில் ஒரு கரும்புள்ளியின் நடுவே மட்டும் காணப்படும் 2,000 காஸ் அளவிலான காந்தவலிமை, இந்த விண்மீனில் மேற்பரப்பு முழுதுக்குமான சராசரியாகவே இருக்கிறது. இதைவிட அதன் இயல்பைச் சுருங்கச் சொல்லும் அளவு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காந்தப்புலக் கோடுகளின் அடிப்பகுதி புரளும் வாயுவில் வேரூன்றியிருக்கிறது. வாயு நகர நகரக் கோடுகள் முறுக்கேறுகின்றன. அளவுக்கு மீறி முறுக்கேறிய இடத்தில் அவை அறுந்து, வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. அதுவரை முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் விடுபடுகிறது. எலக்ட்ரான்கள் பேரளவு வேகத்தில் கீழே பாய்ந்து மேற்பரப்பைத் தாக்க, அந்தத் திட்டு மட்டும் 9,000 அல்லது 10,000 கெல்வினுக்குச் சூடேறி நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்கிறது. சூரியனிலும் இதே நிகழ்கிறது. ஆனால் சூரியன் ஏற்கெனவே கண்கூசும் ஒளி கொண்டதால், அதன் மீது எழும் சுடர் பட்டப்பகலில் கொளுத்திய மத்தாப்பு போல எடுபடுவதில்லை. செங்குறுமீனோ அகல் விளக்கு போன்றது. அருகில் ஒரு பற்றவைப்புப் பொறி தெறித்தால் அறையே மாறிவிடும். அந்தப் பொறி நீலமாகவும் விளக்கு சிவப்பாகவும் இருப்பதால், நீல வடிகட்டி வழியாகவோ புற ஊதா ஒளியிலோ பார்க்கும்போது வேறுபாடு பன்மடங்காகத் தெரியும். 1948-இல் யூவி செட்டி என்ற அண்டைச் செங்குறுமீன் இப்படித் திடீரென ஒளிர்ந்து கவனத்தை ஈர்த்தது முதல், இந்த வகை விண்மீன்கள் அதன் பெயராலேயே வகுக்கப்படுகின்றன.

நானே ஒருமுறை இதைப் பார்த்திருக்கிறேன். அது ஏயூ மைக்ரோஸ்கோப்பியில் அன்று, வொய்இசட் கேனிஸ் மைனோரிஸ் என்ற மற்றொரு சுடர் விண்மீனில். பிப்ரவரி இரவுகளில் அது பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பார்ப்பவருக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும். காற்றுமண்டலத்தின் தடிப்பு மிகக் குறைவான இடம் அதுவே. பாலிக் பூலாவில் நண்பர் ஒருவரின் டுரியான் தோப்புக்கு நடுவே இருந்த வெட்டவெளியில் தொலைநோக்கியை நிறுத்தி, நீல வடிகட்டி போட்டு, 30 நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் அடுத்தடுத்த இரண்டு படங்களுக்குள் அந்தப் புள்ளி ஏறக்குறைய இருமடங்கு ஒளிர்ந்தது. மெல்லிய மேகம் விலகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே படத்தில் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த இரண்டு விண்மீன்களும் இம்மியும் மாறவில்லை. மேகம் என்றால் மூன்றும் சேர்ந்தே மாறியிருக்கும். ஏறியது ஒரு நிமிடத்துக்குள். இறங்க 25 நிமிடங்களுக்கு மேல் ஆனது. செங்குத்தாக ஏறி, சரிவாக இறங்கும் இந்த வடிவம்தான் சுடரின் கையெழுத்து. அன்று எடுத்த வரைபடத்தை இன்றும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏயூ மைக்ரோஸ்கோப்பியில் இதே காட்சி என் கருவிக்கு எட்டாது. காரணம், அது மற்றச் சுடர் விண்மீன்களைவிட இயல்பிலேயே ஒளிமிக்கது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் சுடர்கள் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கி 2018-லும் 2020-லும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு வாரம் அதை விடாமல் நோக்கியபோது, நாளொன்றுக்குச் சராசரி இரண்டு சுடர்கள் பதிவாயின. ஊடுகதிரிலும் புற ஊதாவிலும் கதை வேறு. 1992 ஜூலையில், உச்சப் புற ஊதா ஒளியைப் பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்ட ஒரு செயற்கைக்கோள் சில நாள் அதைக் கண்காணித்தபோது ஒரு மாபெரும் சுடர் எழுந்தது. அந்த வகை ஆய்வில் அது இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. சுடர் இல்லாத அமைதியான நேரத்திலும் இந்த விண்மீன் உமிழும் ஊடுகதிர் சூரியனுடையதைப் போலச் சில நூறு மடங்கு.

இனி உங்கள் அச்சத்துக்கு விடை. ‘அருகில்’ என்ற சொல் வானியலாளர் வாயில் வரும்போது நம் வழக்கிலுள்ள பொருளைத் தருவதில்லை. ஏயூ மைக்ரோஸ்கோப்பி 31.7 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. சூரியனுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைப் போல ஏறத்தாழ 20 இலட்சம் மடங்கு. தொலைவு கூடும்போது கதிர்வீச்சின் வலிமை அதன் வர்க்கத்தால் குறையும் என்பதை உங்கள் மகள் படித்திருப்பார். 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் கேரிங்டன் கண்ட சூரியச் சுடரைத் தொடர்ந்து எழுந்த காந்தப் புயல், உலகின் பல பகுதிகளில் தந்திக் கம்பிகளைக் குலைத்தது. அந்தச் சுடரைப் போல நூறு மடங்கு பெரிய ஒன்று ஏயூ மைக்ரோஸ்கோப்பியில் எழுந்தாலும், இங்கே வந்து சேரும்போது அது அந்தச் சூரியச் சுடரின் 4,000 கோடியில் ஒரு பங்காகத்தான் இருக்கும். அதை உணர நுண்ணிய கருவி வேண்டும். அதனால் பூமிக்குக் கேடு எதுவும் இல்லை. இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆனால் அதன் சொந்தக் கோள்களின் நிலை வேறு, என்னை மிகவும் ஈர்க்கும் பகுதியும் அதுவே. 2020-இல் அறிவிக்கப்பட்ட முதல் கோள் அந்த விண்மீனை 8.46 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. விட்டம் பூமியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது நெப்டியூன் அளவு. தன் விண்மீனிலிருந்து அது இருக்கும் தொலைவு சுமார் 1 கோடி கிலோமீட்டர். பூமி சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. 18.86 நாளில் சுற்றும், சற்றே சிறிய இரண்டாவது கோளும் உண்டு. இவ்விரண்டும் விண்மீனின் முகத்துக்கு முன்னால் கடக்கும்போது ஒளி குறைவதைக் கொண்டு கண்டறியப்பட்டவை. கடப்பு நேரங்கள் சில நிமிடம் முந்தியும் பிந்தியும் வருவதை வைத்து, 12.7 நாளில் சுற்றும் மூன்றாவது கோள் ஒன்று இடையில் இருந்து இழுக்கிறது என்று 2023-இல் முடிவுக்கு வந்தார்கள். அது கடப்பதை எவரும் பார்த்ததில்லை. கோள்களின் விட்டம் ஓரளவு உறுதி, பொருண்மைதான் சிக்கல். விண்மீன் எவ்வளவு அசைகிறது என்பதிலிருந்து அதைக் கணிக்க வேண்டும். இங்கோ புள்ளிகளும் சுடர்களும் நிறைந்த மேற்பரப்பு தானே அசைவது போன்ற பொய்த்தோற்றத்தைத் தருகிறது. அதனால்தான் முதல் கோளின் பொருண்மை பூமியைப் போலச் சுமார் 10 மடங்கு என்றும் 20 மடங்கு என்றும் வெவ்வேறு குழுக்கள் வெளியிட்டுள்ளன. இந்த அளவு வேறுபாடு அவர்களின் திறமைக் குறைவால் வந்ததன்று. அலைகடல் நடுவே படகு அசைவதை வைத்து அதில் அமர்ந்திருப்பவரின் எடையைக் கணிப்பது போன்ற வேலை அது.

அந்த முதல் கோளை ஹப்பிள் தொலைநோக்கி இருமுறை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இடைவெளியில், கடப்பின்போது புற ஊதாவில் பார்த்தது. முதல் முறை கோளிலிருந்து எதுவும் வெளியேறுவதாகத் தெரியவில்லை. இரண்டாம் முறையோ கோளுக்கு முன்னால் ஹைட்ரஜன் மேகம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கோளின் வளிமண்டலம் கொதித்து வெளியேறிக்கொண்டிருந்தது. 2023-இல் வெளிவந்த இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோள் தன் காற்றை இழப்பது, ஒருமுறை இல்லாததும் மறுமுறை இருப்பதுமாக இப்படிக் கண்முன் நடந்தது. முதல் முறை ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை இன்னும் கிட்டவில்லை. விண்மீனின் காற்று அப்போது மேகத்தை வேறு பக்கம் தள்ளியிருக்கலாம், அல்லது ஹைட்ரஜன் மின்னூட்டம் பெற்று ஹப்பிளின் கண்ணுக்கு மறைந்திருக்கலாம்.

ஏயூ மைக்ரோஸ்கோப்பியைச் சுற்றி, கோள்களுக்கு வெளியே ஒரு தூசித் தட்டும் இருக்கிறது. 2004-இல் ஹவாயின் மௌனா கியா மலையிலிருந்து எடுக்கப்பட்ட படத்தில் அது முதன்முதலில் தெரிந்தது. விளிம்பு நம்மை நோக்கி இருப்பதால், ஒரு தோசைக்கல்லைப் பக்கவாட்டில் பார்ப்பது போல மெல்லிய கோடாகவே தோன்றும். அந்தத் தூசி பிறப்பின்போது மிஞ்சிய பழைய தூசியாக இருக்க முடியாது, ஏனெனில் நுண்துகள்கள் இத்தனை காலம் அங்கே தங்கா. பெரிய பாறைகளும் பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதி உடைவதால் அது தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. சூரியனைப் போன்ற விண்மீனில் ஒளியின் அழுத்தமே நுண்துகள்களை வெளியே தள்ளிவிடும்; இந்தச் செங்குறுமீனின் ஒளி அதற்குப் போதாது. அந்த வேலையை இங்கே விண்மீன் காற்று செய்கிறது. 2014-இல் சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கியால் எடுத்த படங்களில், தட்டின் ஒரு பக்கத்தில் அலை போன்ற ஐந்து மேடுகள் தெரிந்தன. 2010-லும் 2011-லும் ஹப்பிள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது அவை வெளிநோக்கி நகர்வது உறுதியாயிற்று. வெளிப்புறத்தில் உள்ளவை நொடிக்கு 10 கிலோமீட்டர் வரை விரைகின்றன. விண்மீனின் ஈர்ப்பிலிருந்து அவை தப்பிப் போகும் அளவு வேகம் அது. அவை நகர்வது உறுதி. ஏன் நகர்கின்றன என்பது உறுதியில்லை. மறைந்திருக்கும் ஒரு பொருள் தன் சுற்றுப்பாதையில் தூசியை உதறிச் செல்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு தூசி வளையங்கள் குறுக்கிடும் இடத்தில் நுண்துகள்கள் சரிந்து பெருகி, விண்மீன் காற்றால் அடித்துச் செல்லப்படுகின்றன என்று வேறொரு சாரார் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது விளக்கம் கூடுதலாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது, ஏனெனில் அது புதிதாக எதையும் கற்பித்துக்கொள்ளாமல் நமக்குத் தெரிந்த காற்றைக் கொண்டே வேலையை முடிக்கிறது. ஆனால் இது என் மனச்சாய்வு மட்டுமே.

ஐயத்துக்குரிய மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் அதை உறுதி போல எழுதுகிறார்கள். சூரியனில் பெருஞ்சுடர் எழும்போது பெரும்பாலும் நூறு கோடி டன் அளவிலான மின்னூட்டப் பொருளும் விண்வெளியில் எறியப்படுகிறது. தந்திக் கம்பியைக் குலைப்பதும் செயற்கைக்கோளைக் கெடுப்பதும் அதுதான். ஏயூ மைக்ரோஸ்கோப்பியின் சுடர்கள் பெரியவையாதலால் அதிலிருந்து எறியப்படும் பொருளும் அதே விகிதத்தில் பெரிதாக இருக்கும் என்று கணக்குப் போடுவது எளிது. ஆனால் மேற்பரப்பை முழுதும் மூடிய வலிய காந்தப்புலம் ஒரு கூண்டு போல அந்தப் பொருளை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. ஆகவே கோள்கள் எவ்வளவு கதிர்வீச்சை வாங்குகின்றன என்பதை அளந்து சொல்ல முடிகிறது. எவ்வளவு துகள் வெள்ளத்தை வாங்குகின்றன என்பதை இன்னும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, இங்கிருந்து பார்ப்பது பற்றி. மைக்ரோஸ்கோப்பியம் என்பது இந்த விண்மீன் இருக்கும் மண்டலத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானை அளந்த லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் வைத்த பெயர், நுண்ணோக்கியைக் குறிக்கிறது. முன்னால் வரும் ‘ஏயூ’, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவான வானியல் அலகைக் குறிப்பதன்று. ஒரு மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன்கள் கண்டறியப்படும் வரிசையில் இடப்படும் எழுத்துகள், இது அங்கே 74-ஆவது. மகர ராசிக்குத் தெற்கே இருக்கும் இந்த மண்டலம் நமக்கு நல்ல உயரத்தில் வருகிறது. கோலாலம்பூரில் இந்த விண்மீன் தெற்கே 55 பாகைக்கும், பினாங்கில் 53 பாகைக்கும் ஏறும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதற்காக நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அக்டோபர் முதல் வாரத்தில் இரவு 9 மணிக்கும், செப்டம்பர் தொடக்கத்தில் 11 மணிக்கும் அது நேர் தெற்கில் நிற்கும். அப்போது தென்கிழக்கில் தனித்து மின்னும் ஃபோமல்ஹாட்டைக் கண்டுபிடித்து, கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கி, வலப்பக்கமாக மூன்று முட்டி அகலம் அளந்தால் அந்தப் பகுதிக்கு வந்துவிடுவீர்கள். அதன் ஒளித்தரம் (எண் கூடக் கூட ஒளி மங்கும்) சுமார் 8.7 என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இருண்ட இடத்தில் 50 மில்லிமீட்டர் இருகண் நோக்கியில் மங்கலான புள்ளியாகத் தெரியும். 10 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருந்தால் ஐயமில்லாமல் தெரியும். தென்வானைப் பார்ப்பதால் நகர வெளிச்சம் உங்களுக்கு வடக்கே இருக்க வேண்டும். நீங்கள் போர்ட்டிக்சன் பக்கம் போகலாம். நாங்கள் கெர்த்தாக் சங்குல் கடற்கரைக்குப் போகிறோம். அந்த மாதங்களில்தான் புகைமூட்டமும் வரும் என்பது நம் ஊரில் தவிர்க்க முடியாத இடைஞ்சல். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள் பள்ளித் திட்டப்பணிக்காக எதையாவது அளக்க விரும்பினால், சுடரைத் துரத்த வேண்டாம். சுழற்சியை அளக்கச் சொல்லுங்கள். விண்மீனின் ஒரு பக்கத்தில் பெரிய கரும்புள்ளித் தொகுதி இருப்பதால், அது சுழலும்போது ஒளி சில விழுக்காடு கூடியும் குறைந்தும் வருகிறது. ஒரு சாதாரணப் படக்கருவியைத் தொலைநோக்கியில் பொருத்தி, மூன்று வாரங்களுக்கு வானம் தெளிவாக உள்ள ஒவ்வோர் இரவிலும் பத்துப் பதினைந்து படம் எடுத்து, அதே படத்திலுள்ள இரண்டு நிலையான விண்மீன்களோடு ஒப்பிட்டு, அன்றைய சராசரியை ஒரு புள்ளியாகக் குறித்துவர வேண்டும். விண்மீன் உச்சிக்கு அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும் எடுக்கட்டும். தாழ்வான உயரத்தில் எடுத்தால் சிவந்த விண்மீனையும் வெளுத்த விண்மீனையும் காற்று ஒரே அளவில் மங்கச் செய்யாது, அந்தப் பிழையே சுழற்சியை விழுங்கிவிடும். புள்ளிகள் பத்தைத் தாண்டிய பிறகு அவற்றை 4.86 நாள் நீளத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஓர் அலை எழுந்தால், படத்துடன் அதை இங்கே இடுங்கள். என்னுடைய புள்ளிகளையும் சேர்த்து இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.